ஊசியின் மூன்றாவது துண்டு

எங்கள் அப்பாவுக்குச் சாமி கிடையாது. அதை அவர் மூடி மறைத்தவரும் இல்லை. வீரபாண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, அவரும் அம்மாவின் தம்பியான என் மாமாவும் கூட்டாகப் பதினெட்டுத் தையல் மெஷின்களை இறக்கினார்கள். ஊரே நல்ல நேரம் பார்த்துச் சுவிட்சைத் தட்டுகிற திருப்பூரில், அப்பா ராகுகாலத்தைத் தேடிப் பிடித்து முதல் மெஷினை ஓட்டினார். மாமாவுக்கு அன்று வயிற்றுவலி வந்துவிட்டது. மறுநாள் காலை அவர் மட்டும் தனியாக வந்து, மெஷினுக்கு ஒன்றாகப் பதினெட்டு எலுமிச்சம்பழங்களை நசுக்கிவிட்டுப் போனார். தொழில் ஓடியது. ராகுகாலத்திலேயே தொடங்கியும் ஓடியதே என்று அப்பா காட்டினார். எலுமிச்சம்பழத்தால்தான் ஓடியது என்று மாமா தன் அக்காவிடம் சொன்னார். இருவரும் அவரவர் கட்சியில் சந்தோஷமாக இருந்தார்கள்.

துணியின் இழைகளை எண்ணுவதற்கென்று ஒரு மடக்குக் கண்ணாடி உண்டு. பனியன் தொழிலில் இருப்பவர்கள் பையில் அது கிடக்கும். அப்பா அதைத் துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பேய், ஜாதகம், செய்வினை, பக்கத்துத் தெருவில் வேப்பமரத்தில் பால் வடிந்தது என எது வந்தாலும், "கண்ணாடிக்குக் கீழ வரட்டும், நம்பிக்கறேன்" என்பார். ஆதாரத்துக்கு அவர் வார்த்தை ருசு. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்ற பழமொழியை வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவர் வாயில் கேட்கலாம். நான் அவர் சிஷ்யை. பத்து வயதில் எனக்கு அந்தக் கர்வம் தலைக்கு மேல் இருந்தது. காங்கேயத்தில் தன் மாமன் வீட்டுக் காளை அமாவாசையன்று விரதம் இருக்கும் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். அன்றைக்குத் தீவனம் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

அம்மாவுக்கு முருகன் உண்டு. ஷெட்டுக்குள் சாமி படம் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அம்மா முருகன் படம் போட்ட தினசரிக் காலண்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டாள். தேதி பார்க்க வேண்டாமா என்று கேட்டால் அப்பா என்ன சொல்ல முடியும்? தேதியைப் பார்க்கும் சாக்கில் அவள் தினமும் அதற்கு ஒரு பூ வைத்தாள். அப்பா தேதியை மட்டும் பார்த்துக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அன்று அவசர வேலை. கைக்குழந்தைகளுக்கான உடுப்பு, நெஞ்சில் மஞ்சள் வாத்து, காலுக்கு நடுவில் அழுத்தி மூடுகிற மூன்று உலோக டிச் பட்டன். ஏதோ ஒரு கம்பெனிக்காக நாங்கள் தைத்துக் கொடுக்க, அவர்கள் கப்பலில் ஏற்றுவார்கள். எந்த நாடு என்று எனக்குத் தெரியாது, மாமாவுக்கே சரியாகத் தெரிந்திருக்காது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி வரும். அதை விட்டால் கன்டெய்னர் போய்விடும். ஏற்கெனவே இரண்டு தடவை தாமதமாகியிருந்தது. மூன்றாவது தடவையும் தாமதமானால் இனி உங்களுக்கு ஆர்டரே கிடையாது என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். எங்களுக்கு வேலை கொடுத்தது அந்த ஒரே கம்பெனிதான். ஆகவே ஷெட்டின் உயிர் அந்த ஐந்து மணியில் இருந்தது. எனக்கும் அது தெரியும், ஏனென்றால் மூன்று நாட்களாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

காலை பத்து மணிக்கு ஒரு ஊசி உடைந்தது.

ஊசி உடைவது பெரிய விஷயமில்லை. உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு முறை உண்டு. மெஷினை நிறுத்த வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தேடிப் பொறுக்கி, அதற்கென்று வைத்திருக்கும் நோட்டில் முழு ஊசியாக அடுக்கி, டேப் போட்டு ஒட்ட வேண்டும். தேதி, நேரம், டெய்லரின் கையெழுத்து எல்லாம் விழுந்த பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது துணிக்குள் இருக்கிறது என்றுதான் கணக்கு. குழந்தை உடுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் நோட்டில் பக்கம் பக்கமாக ஊசிப் பிணங்கள் வரிசையாகக் கிடக்கும்.

அன்று ஊசியை உடைத்தவர் போடியிலிருந்து வந்து எங்களிடம் வேலை செய்த ஓர் அக்கா. அவர் ஓட்டியது ஓவர்லாக் மெஷின். அதில் இரண்டு ஊசிகள். ஒன்று உடைந்தாலும் இன்னொன்று தைத்துக்கொண்டே போகும். அவர் கவனித்தபோது எத்தனை உருப்படிகள் கைமாறிப் போயின என்று அவருக்கே தெரியவில்லை. எல்லாம் செக்கிங் மேஜையில் இருந்த குவியலோடு கலந்துவிட்டன. இரண்டு துண்டுகள் மெஷின் மேலேயே கிடைத்தன. முனை மட்டும் இல்லை. அரிசிக் குருணையில் பாதி இருக்கும்.

"நா பாக்கலண்ணே. மெஷினு பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, சத்தியமாப் பாக்கல" என்று அந்த அக்கா அழுதார். சத்தியமெல்லாம் வேண்டாம், வந்து தேடு என்றார் அப்பா.

எல்லா மெஷினும் நின்றது. அத்தனை பேரும் தேடினார்கள். அப்பா ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்தார். என்றைக்கோ தொலைந்த குண்டூசிகள், ஒரு ஸ்குரூ, ஒரு கொண்டை ஊசி எல்லாம் வந்தன, முனை வரவில்லை. எங்களிடம் கையில் பிடிக்கிற ஒரு மெட்டல் டிடெக்டர் இருந்தது. அது டிச் பட்டனைக் கண்டாலே கத்தும், ஆகவே ஒவ்வொரு உடுப்புக்கும் கத்தியது. பட்டனுக்குக் கத்தாமல் ஊசிக்கு மட்டும் கத்துகிற பெரிய மெஷின் கம்பெனியில் உண்டு. அது பழுதாகி, புதன்கிழமைதான் ஆள் வருவதாக இருந்தது. நானூறு உடுப்புகளுக்கு மேல் ஒவ்வொன்றாகத் தையலோரம் தடவிப் பார்த்தார்கள். பஞ்சுத்தூசி பறக்க, யாரும் யாரோடும் பேசாமல் துணியைத் தடவுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். தம்பிக்கு அப்போது ஏழு மாதம். அவள் முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டாள். காணாமல் போன பொருளை நினைத்து அப்படி முடிச்சுப் போட்டால், பொருள் கிடைக்கும்வரை அவிழ்க்கக் கூடாது. அப்பா அதைப் பார்த்தார். வேறொரு நாளாக இருந்தால் கேப்பையும் நெய்யும் வந்திருக்கும். அன்று அவர் திரும்பிக் குனிந்துகொண்டார்.

இரண்டு மணிக்கு மாமாவின் பொறுமை போய்விட்டது. கம்பெனியிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை போன் வந்துகொண்டிருந்தது. முனை பஞ்சோடு பஞ்சாகக் குப்பையில் போயிருக்கும், பெட்டியைக் கட்டலாம் என்றார் அவர். அப்பா முடியாது என்றார். பார்த்துப் பார்த்துப் பேசுகிறவர்கள் அன்றுதான் முதல் தடவையாக ஆட்கள் முன்னால் குரலை உயர்த்தினார்கள். மாமா கேட்டதை நான் இன்று வரை மறக்கவில்லை.

"எதுக்கெடுத்தாலும் ருசு கேப்பீங்களே மச்சான். அந்த முன துணிக்குள்ளதான் இருக்குதுங்கறதுக்கு என்னங்க ருசு? நீங்க பாத்தீங்ளா?"

இருக்கிறது என்றும் தெரியாது, இல்லை என்றும் தெரியாது, தெரியாதபோது அனுப்பக் கூடாது என்றார் அப்பா.

"அனுப்பக்கூடாதுன்னு யாருங்க சொன்னாங்க? நானாச்சும் சாமி கண்ணக் குத்தும்னு பயப்படோணும். உங்களுக்குத்தான் மேல ஆருமே இல்லியே. எந்த ஊர்லயோ எந்தக் கொழந்தையோ. அது அழுதா உங்களுக்குக் கேக்கப் போகுதுங்ளா? அதப் பத்தி நாம கவலப்படோணும்ங்கறதுக்கு ஒரு ருசு காட்டுங்க, நான் இப்பவே சும்மா இருந்துக்கறேன்."

அப்பாவின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போய், கண்ணாடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"அதுக்கு ருசு இல்ல மாப்ள" என்றார் கடைசியில். "ஆனா அது அப்படித்தான்."

மாமா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ருசு இல்லாமல் நம்புவதற்கு எங்கள் ஊரில் கோயில் கட்டியிருக்கிறோம் என்றார். பிறகு, இன்று வண்டி வெறுமனே திரும்பினால் தன் பங்கு ஒன்பது மெஷினையும் எடுத்துக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அம்மா அவர் பின்னால் ஓடினாள். போடி அக்கா, தன்னால்தானே இவ்வளவும் என்று மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மாமா மீது அல்ல, அப்பா மீது. வேப்பமரத்துப் பாலையும் காங்கேயத்துக் காளையையும் விடாமல் விரட்டிய மனிதர், ஒரு சாதாரணக் கேள்விக்கு அது அப்படித்தான் என்று சொல்லித் தோற்றுவிட்டாரே என்று அவமானமாக இருந்தது. அது அப்படித்தான் என்றுதானே அம்மாவும் சொல்கிறாள், அந்தக் காளைக்காரியும் சொல்கிறாள்? அதோடு பயமும் வந்தது. மாமா போய்விட்டால் அம்மா யார் பக்கம் நிற்பாள்? மெஷின்கள் போன இடம் எப்படி இருக்கும்? ஒருவேளை நாங்கள் ஊரைவிட்டுப் போக வேண்டி வருமோ? பத்து வயதுக்கு இவ்வளவு போதாதா? அப்பா ஜெயிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. முனை கிடைத்துவிட வேண்டும். கண்ணில் காட்டினால் அப்பா நம்புவார், வண்டியும் போகும், மாமாவும் பிரிந்து போகமாட்டார்.

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, ஆனாலும் எல்லோரும் வெளியே போனார்கள். ஊசி நோட்டு காலண்டருக்குக் கீழே மேஜையில் இருந்தது. நான் பழைய பக்கம் ஒன்றைப் புரட்டினேன். ஆயுத பூஜைக்கு முந்தின வாரத்துப் பக்கம். டேப் காய்ந்து பழுப்பாகியிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். ஒரு முனை கையோடு வந்துவிட்டது. பழைய பக்கத்தை எவன் பார்க்கப் போகிறான் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு, ஓடிப் போய் அக்காவின் மெஷினுக்கு அடியில் படுத்தேன். தரையெல்லாம் நூல் துணுக்கு. அங்கே கிடந்தபடி நூறு வரைக்கும் எண்ணினேன். அறுபதுக்கு மேல் எண்ணிக்கை மறந்துவிட்டது. பிறகு கத்தினேன்.

அப்பாதான் முதலில் ஓடி வந்தார். கையை விரித்துக் காட்டினேன். பயத்தில் இறுக்கி மூடியிருந்ததால் முனை உள்ளங்கையில் குத்தி, ஒரு பொட்டு ரத்தம் நின்றது. அவர் முனையைப் பார்க்கவில்லை, ரத்தத்தைத்தான் பார்த்தார். தன் வேட்டித் தலைப்பால் துடைத்துவிட்டார். பிறகு என்னைத் தூக்கி, நான் தூக்குகிற வயதெல்லாம் தாண்டியிருந்தும், ஒரு சுற்றுச் சுற்றினார். போடி அக்கா என் இரண்டு கன்னத்தையும் வழித்து, "எங்க கொலதெய்வமே ஒன் உருவத்துல வந்துருச்சு தாயீ" என்று விசும்பினார். மாமா உள்ளே வந்து அம்மாவின் முந்தானையைக் காட்டி, முடிச்சுப் போட்டு நாலு மணி நேரம்கூட ஆகவில்லை, பார்த்தீர்களா மச்சான் என்றார். அப்பா சிரித்தார். அன்றைக்கு அவருக்கு முருகனோடும் சண்டையில்லை. ஒரே பொய்யில் நான் சாமிக்கும் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டேன், ருசுவுக்கும் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அம்மா மட்டும் அருகில் வரவில்லை.

எந்த இடத்தில் கிடைத்தது என்று கேட்டாள். மெஷினின் பின்கால் ஓரம் என்றேன். அங்கே காந்தம் இரண்டு தடவை போயிற்றே என்றாள். நான் நூல் துணுக்குக்கு அடியில் இருந்தது என்றேன். காந்தத்துக்கு நூல் ஒரு தடையா என்றாள். அப்பா அதற்குள் நோட்டைத் திறந்து, இரண்டு துண்டுகளின் நுனியில் என் முனையை வைத்து டேப்பை ஒட்டப் போனார்.

"ஏனுங்க, கண்ணாடி வச்சு ஒருக்காப் பாத்துருங்க. பொருந்துதா என்னான்னு" என்றாள் அம்மா.

அப்பா நிமிரக்கூட இல்லை. "என்ற புள்ள எடுத்துக் குடுத்துருக்குது. அது பொய் சொல்லாது. இதுக்கெதுக்குக் கண்ணாடி?"

டேப்பை ஒட்டி, கட்டை விரலால் தேய்த்து, நேரம் எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். கண்ணாடி பையிலேயே இருந்தது. கடவுளே நேரில் வந்து நின்றாலும் அதை எடுத்து வைத்துப் பார்த்திருக்கக் கூடியவர் அவர். ஜெயித்துவிட்டோம் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ பெரிய பள்ளம் விழுந்த மாதிரி இருந்தது. அம்மா முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை என்பதையும் பார்த்தேன். மாமா அவிழ்க்கச் சொன்னதற்கு, அப்புறம் அவிழ்த்துக்கொள்கிறேன் என்றாள்.

பிறகு எல்லாம் வேகம். மடிப்பது, கவரில் போடுவது, அட்டைப் பெட்டியில் அடுக்குவது, டேப்பைச் சர்ரென்று இழுப்பது. நாலரைக்கே வண்டி வந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டி ஏறும்போதும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அடுத்த பெட்டி வந்துவிடும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல என்பார்களே, அந்த வலியை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன், கத்தவும் முடியாது. ஒருவேளை அந்த முனை நிஜமாகவே குப்பையில் போயிருக்கலாம் அல்லவா? மாமா சொன்னது சரியாக இருக்கலாம் அல்லவா? எனக்கும் ருசு இல்லை, அவருக்கும் ருசு இல்லை. இப்படியெல்லாம் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டு கதவோரம் நின்றேன். கடைசிப் பெட்டி திறந்திருந்தது.

அம்மா தம்பியோடு நேராக அந்தப் பெட்டியிடம் போனாள். குவியலிலிருந்து ஓர் உடுப்பை எடுத்தாள். எண்ணிக்கை குறையும் அக்கா என்று மாமா சொன்னதற்கு, உபரியாகத்தானே தைப்பீர்கள், ஒன்று போனால் போகட்டும் என்றாள். செக்கிங் மேஜையில் தம்பியைப் படுக்க வைத்து, அவன் போட்டிருந்த சட்டையைக் கழற்றினாள். அப்பா சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"முனதான் கெடச்சுப் போச்சே கண்ணு. இதுல ஒண்ணு தம்பிக்குப் போட்டுடலாமில்ல?"

தம்பி கையைக் காலை உதறிச் சிரித்தான். அவள் உடுப்பின் கழுத்தை விரித்து அவன் தலைக்கு மேல் கொண்டுபோனாள். அவசரமே இல்லை அவளுக்கு. அந்த வாத்துப் படம் அவன் நெற்றியில் பட்டது. வாய் மறைந்தது. என் கண்ணுக்கு அந்தத் துணியின் ஒவ்வொரு தையலிலும் ஊசி தெரிந்தது.

"போடாதம்மா" என்றேன். மறுபடியும், "போடாதம்மா, போடாத, அது அந்த முன இல்ல" என்று அலறினேன்.

அவள் உடனே உருவி எடுத்துவிட்டாள். ஏற்கெனவே அவள் விரல்கள் உடுப்பின் உள்பக்கம் முழுக்கத் தடவியபடியேதான் இருந்தன என்பதை நான் பெரியவளான பிறகு அவளே சொன்னாள். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. தம்பியை வாரி எடுத்து அந்த அக்காவிடம் கொடுத்தாள். என்னிடம் வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

ஷெட்டே என்னைப் பார்த்தது. நான் அப்பாவை மட்டும் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுத்து வைக்க மறந்துவிட்டவர் மாதிரி. மாமாதான் முதலில் பேசினார். குழந்தை பயந்து உளறுகிறது, முதலில் சொன்னதுதான் உண்மையாக இருக்கும், வேண்டுமானால் கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்றார். அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எந்தப் பக்கத்துல எடுத்த, கண்ணு?"

சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டினார். கிழிந்த பழுப்பு டேப்பும், முனையில்லாத ஓர் ஊசியும் இருந்தன. இன்றைய பக்கத்திலிருந்து முனையைப் பிரித்து, பழைய இடத்திலேயே வைத்து, புது டேப் போட்டு ஒட்டினார். அவ்வளவு பொறுமையாக ஒட்டினார், அது முக்கியமான வேலை என்பதுபோல. இன்றைய பக்கத்தில் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு வண்டிக்காரரிடம் போய், பெட்டிகளை இறக்கச் சொன்னார்.

வண்டி வெறுமனே போயிற்று. மாமா வார்த்தைகளைக் கொட்டினார். அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை, பின்னால் அவரே வருத்தப்பட்டார். சொன்னபடி ஒன்பது மெஷின்களைப் பிரித்துக்கொண்டு போனார். புதன்கிழமை கம்பெனியின் பெரிய மெஷின் சரியானது. எங்கள் உடுப்புகள் நானூற்றுச் சொச்சமும் அதன் வழியாக ஒரு சத்தமுமில்லாமல் போய் வந்தன. துணியில் முனை இருக்கவே இல்லை. குப்பையில்தான் போயிருக்க வேண்டும். மாமா இதை அப்புறம் ஒரு பத்து வருஷமாவது, பொங்கலுக்கும் நோம்பிக்கும் வரும்போதெல்லாம், இலையில் உட்கார்ந்தபடி சொல்லிக் காட்டினார். அப்பா ரசம் ஊற்றச் சொல்வார். கம்பெனி ஆர்டரை நிறுத்தியது. மிச்சமிருந்த ஒன்பது மெஷின்களுக்கு வேறு வேலை கிடைப்பதற்குள் நாங்கள் பட்ட பாட்டை அம்மாதான் சொல்ல வேண்டும். போடி அக்கா எங்களோடேயே இருந்தார்.

அந்த வாரம் முழுக்க அப்பா என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன், அதுவும் இல்லை. வழக்கம்போலப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார், வழக்கம்போலக் கூட்டி வந்தார். பேச்சு மட்டும் குறைந்திருந்தது. ஆர்டர் போன கவலை என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவின் செல்போன் மூடி கழன்று, கண்ணாடியில் கீறலோடு தரையில் கிடந்தது. அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் அதைத் தொடவே இல்லை. இந்தத் தடவை அதுதான் உண்மை. ஆனால் அந்த வாரத்தில் என் வாயிலிருந்து வரும் உண்மைக்கு என்ன மரியாதை? நான் இல்லை என்றேன். போன ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தானே முழித்தாய் என்றாள் அம்மா. வீட்டில் போனை எடுத்து விளையாட வேறு குழந்தைகள் இல்லை, தம்பிக்கு நடக்கவே தெரியாது, எல்லாச் சாட்சியும் என் பக்கம் விரலை நீட்டியது. எனக்கு அழுகை வந்தது.

அப்பா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவ இல்லீன்னா இல்லீன்னுதான்" என்றார்.

அம்மா கரண்டியோடு திரும்பி நின்றாள். "எத வச்சுங்க சொல்றீங்க? இன்னுமா?"

"ஒண்ணத்தையும் வச்சு இல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். ஒன்பது மெஷின் போயிற்று, ஆர்டர் போயிற்று, அத்தனை பேர் முன்னால் தலை குனிந்தார், ஒரே வாரத்தில் எப்படி மறந்துபோனார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவுக்கு வயதாகிறது போலிருக்கிறது, பாவம், ஞாபகம் நிற்பதில்லை என்று நினைத்தேன். மறந்தது நல்லதாயிற்று, நாமாக நினைவுபடுத்த வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து எனக்கும் ஒரு தோசை கேட்டேன்.